மூடிய கண்

திரையில் அந்தச் சின்ன அறையின் மேல் போகும்போதெல்லாம் அம்புக்குறி கைவிரலாக மாறியது. தொடுவதற்கு அங்கே எதுவுமே இல்லை. வெறும் தரை, வெறும் சுவர். அவள் மவுஸைத் துடைத்துவிட்டு மறுபடி போனாள். மறுபடியும் விரல்.

வீட்டில் யார் எந்த அறையில் இருக்கிறார்கள் என்று காட்டும் செயலி அது. மாதிரிக்கு ஊரான் வீட்டைத் தேடி அலைவானேன் என்று போன வருடம் வேலையைத் தொடங்கியபோதே தன் வீட்டையே வரைந்திருந்தாள். ஆளுக்கொரு பொம்மை; கணவனுக்கு நீலம், தனக்குப் பச்சை, சின்னவளுக்கு மஞ்சள். எதற்கும் முகம் கிடையாது, விரல்கள் கிடையாது. மாதிரிக்கு இது போதாதா? சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பக்கத்து அறையில் சின்னவள் காய்ச்சலோடு தூங்க, திறந்த கதவு வழியாகத் தைல வாடையும் மூக்கடைத்த அவளுடைய கர்கர் மூச்சும் வந்துகொண்டிருந்தன. அந்த மூச்சு கேட்டால்தான் இவளுக்குக் கை ஓடும். மற்றபடி இவள் எதையும் உணர்ந்து ஒரு வருடமாகிறது.

டீம் லீடரைப் போனில் பிடித்தாள்.

"ஏதாவது லேயர் மறைஞ்சு கிடக்கும்மா. நம்மாளுங்கதான் எதையும் அழிக்க மாட்டாங்களே. கண்ணை மூடிட்டுப் போயிடுவாங்க."

அலுவலகப் பழக்கம் அது. இன்று வேண்டாம் என்ற வாடிக்கையாளர் நாளைக்கே அதைக் கேட்டு உயிரை எடுப்பார். அதனால் அழிப்பதில்லை, லேயர் என்னும் ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் பக்கத்திலிருக்கும் கண் குறியைத் தட்டினால் படம் மறைந்துவிடும், பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும். அவள் பட்டியலைத் திறந்தாள். அடியில், சாம்பல் நிறத்தில், 'பெரியவள்'. கண் மூடியிருந்தது.

மூடியது அவள்தான். பெரியவளை அடக்கம் செய்த மறுநாள் இதே நாற்காலியில் உட்கார்ந்து, அழிக்க மனம் வராமல், கண்ணைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். அழுத்தக்காரி என்றார்கள் உறவுக்காரர்கள்.

"கிடைச்சிடுச்சு. தட்டினா திறக்க மாட்டேங்குது."

"அந்த ரூம்ல இருக்கிறதையெல்லாம் சேர்த்துப் பிடிச்சு ஒரு தட்டு தட்டுங்க. வந்துடும்."

அந்த அறையில் இருந்தவர்கள் இரண்டே பேர். சேர்த்துப் பிடித்தாள். தட்டினாள்.

மூடியிருந்த கண் திறந்தது. திறந்திருந்த கண் மூடியது. பெரியவளின் ரோஸ் நிறப் பொம்மை நின்றது. மஞ்சளைக் காணவில்லை.

"வந்துச்சாம்மா?"

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

கட்டில் காலியாக இருந்தது. தலையணையில் ஒரு குழி. போர்வை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, கர்கர் என்ற சத்தத்தோடு. வெறும் காற்றில் கையை நீட்டினாள். நெற்றி சுட்டது.

"அம்மா," என்றது தலையணை, தூக்கக் கலக்கத்தில். "அக்கா வந்திருக்கா."

சுவரோரம் ரோஸ் நிறம் தெரிந்தது. அவள் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. முகம் இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

ஓடினாள். நாற்காலி. மவுஸ். சின்னவளை மீட்க இன்னொரு தட்டுப் போதும். பெரியவள் மறுபடி மறைந்துவிடுவாள். கை கண் குறிக்கு மேல் நின்றது. ஒரு நொடிதான் தயங்கினாள். ஒரு வருடத்தில் முதன்முறையாக நெஞ்சு வலித்தது.

திரையில் ரோஸ் பொம்மை சின்ன அறையை விட்டுக் கிளம்பியது. கூடத்தைக் கடந்தது. பச்சைப் பொம்மைக்குப் பின்னால் வந்து நின்றது.

அவள் கையின் மேல் ஒரு கை படிந்தது. குளிர்ந்த, விரல் பிரியாத கை. மவுஸை மெல்ல நகர்த்தி, பட்டியலில் மஞ்சளின் பெயரைத் தேர்ந்தெடுத்தது. பிறகு அவளுடைய விரலை எடுத்து, அலுவலகத்தில் யாருமே தொடாத அந்த அழிக்கும் பொத்தானின் மேல் வைத்தது.

பக்கத்து அறையில் மூச்சு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

கை அழுத்தியது.