துரை பங்களாவின் கைமணி

அன்று பங்களாவில் இருந்தவர்கள் மாமனார், தேயிலைத் தொழிற்சாலையைக் கவனித்துக்கொள்ளும் பெரிய மகன், பட்டணத்தில் பல் டாக்டராக இருக்கும் சின்ன மகன், பிறகு அவர்கள் இருவருடைய மனைவிமார். வெளியாள் எவரும் இல்லை. சமையல்காரி மழையைச் சாக்கு வைத்து வராமல் இருந்துவிட்டாள்.

ஆகவே, சின்ன மருமகளின் பக்கத்தில் ஆவி பறக்க இருந்த தேநீரை யார் போட்டது என்பது பெரிய மருமகளுக்குப் புரியவில்லை.

அவள் அப்போதுதான் சமையற்கட்டிலிருந்து வருகிறாள். நனைந்த விறகு பற்றாமல் புகைந்து, கண் எரிந்து, கையெல்லாம் கரி. அடுப்பு இன்னும் மூளவே இல்லை. ஆனால் கூடத்தில், வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன சாய்வு நாற்காலியில் காலை மடித்துப்போட்டு உட்கார்ந்திருந்த சின்னவளுக்கு மட்டும் வெள்ளைப் பீங்கான் கோப்பை வந்திருந்தது. கீழே முக்கோணமாக மடித்த துணி.

"டீ பிரமாதம்க்கா," என்றாள் சின்னவள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். "சும்மா விளையாட்டுக்குத்தான் அந்த மணிய அடிச்சேன். உடனே கொண்டுவந்து வச்சுட்டீங்களே!"

"நான் என்ன, நீ மணி அடிச்சா ஓடி வர்ற ஆளா?"

"ஐயோ, கோச்சுக்காதீங்க. அடுத்த தடவை சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கலா."

குத்திக்காட்டுகிறாள் என்றே பெரியவள் நினைத்தாள். வயிறு எரிந்தது.

அந்த எரிச்சல் இன்று மூண்டதல்ல. அவள் பிறந்தது சரிவுக்குக் கீழே, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். அவளுடைய முன்னோர்களை, கொஞ்ச காலம் உழைத்தால் கைநிறையக் கொண்டு திரும்பலாம் என்று சொல்லிக் கப்பலேற்றி வந்தவர் மாமனாரின் தாத்தா. துரைக்குக் கங்காணி. பிரம்பும் கையுமாக நின்று விடியுமுன் ஆட்களை மலைக்கு ஏற்றியவர். துரைமார் மூட்டை கட்டியபோது பங்களா அவர் கைக்கு வந்தது. விசுவாசத்துக்குக் கிடைத்த பரிசு என்பது குடும்பத்தின் பேச்சு. லயத்தில் வேறு பேச்சு.

சிறுமியாக ஒழுகும் கூரைக்குக் கீழே படுத்துக்கொண்டு, மேலே எரியும் இந்தப் பங்களா விளக்குகளைப் பார்த்துக்கொண்டே தூங்கியவள் அவள். பெரிய மகன் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டான். வந்த நாளிலிருந்து, மாமியார் கண்மூடும்வரை அவளுக்கு மலஜலம் எடுத்ததும், விருந்தாளிக்குப் படுக்கை விரித்ததும் ஒன்றே ஒன்றுக்காகத்தான். மாமனாரின் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து. அதை இன்று ஒரு மருமகளிடம் கொடுத்துவிடப் போவதாக அவர் சொல்லியிருந்தார்.

ஆனால் வீடு சின்னவள் பக்கம் சாய்ந்துவிட்டது. பெரியவள் எத்தனை இழுத்தாலும் அசையாத ஜன்னல் அவளுக்குத் திறந்து கிடந்தது. அவள் குளிக்கப் போனால் வெந்நீர் தயாராக இருந்தது. கட்டிலடியில் அவளுடைய செருப்புகள் காலை நுழைக்க வாகாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. யாரோ பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். யாரோ. அது யார் என்ற பயத்தைவிட, ஏன் எனக்கு இல்லை என்ற கேள்விதான் பெரியவளை அரித்தது.

மாமனார் சாவிக்கொத்தை அவிழ்த்துச் சின்னவளிடம் நீட்டினார்.

"பெரியவளே, நீ நல்லவதான். குறை சொல்லல. ஆனா உனக்கு உக்காரத் தெரியலம்மா. இத்தன வருஷத்துல ஒரு நாள் அந்த நாற்காலியில சாஞ்சிருப்பியா?"

"வேலை யாரு மாமா பாக்கறது?"

"அதத்தான் சொல்றேன்." சிரித்தார். "துரை காலத்துல இங்க என்ன ஒழுங்கு தெரியுமா? தட்டேந்தி நிக்கிறவ, இன்னொருத்தி வந்து கையில வாங்கற வரைக்கும் நகரக்கூடாது. விடிஞ்சாலும் சரிதான். எங்க தாத்தா போட்ட சட்டம். மத்தவங்களுக்குப் புத்தி வரணும்னு பெத்த மகளையே அந்த வேலையில நிறுத்தினாரு."

"அப்புறம் அந்த அத்தை என்ன ஆனாங்க?" என்று கேட்டாள் சின்னவள்.

"காய்ச்சல்," என்றார் மாமனார். அத்தோடு எழுந்துவிட்டார்.

எல்லோரும் தொழிற்சாலையைப் பார்க்கக் காரில் கிளம்பினார்கள். சின்னவள் நடந்தபோது இடுப்பில் சாவிகள் குலுங்கின. தலைவலி என்று சொல்லிப் பெரியவள் தங்கிவிட்டாள்.

மாலை மங்கும் முன்பே மூடுபனி வாசலேறி உள்ளே வந்தது. தகரக் கூரைமேல் மழை ஒரே சீராக, யாரோ அவசரமில்லாமல் அரிசி களைவதுபோல இரைந்துகொண்டிருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். சாய்ந்தாள். முதுகு பழகவில்லை. இருந்தாலும் சாய்ந்தாள். முக்காலியிலிருந்த பித்தளைக் கைமணியை எடுத்து, சின்னவள் எப்படி அடித்திருப்பாளோ அப்படியே, அலட்சியமாக அடித்தாள்.

ஒன்றுமில்லை.

மறுபடி அடித்தாள். கோபத்தோடு.

கூடத்தையும் சமையற்கட்டையும் இணைக்கும் நீண்ட நடைபாதையின் கடைசியில் ஒரு சத்தம். ஈரமான வெறுங்கால்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம். அதோடு சேர்ந்து, சாசரில் கோப்பை மெல்ல நடுங்கும் ஒலி. பச்சைக் கொழுந்தும் நனைந்த சாக்கும் விறகுப்புகையும் கலந்த வாசனை முதலில் வந்தது. லயத்து வாசனை. அம்மாவின் முந்தானை வாசனை.

பெரியவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, சந்தோஷம். எனக்கும் வருகிறது!

கதவு திறந்தது.

இருட்டில் முகம் தெரியவில்லை. கைகள் மட்டும் வெளிச்சத்துக்கு நீண்டிருந்தன. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். நீரில் ஊறிச் சுருங்கிய தோல். ஏந்தியிருந்த தட்டின் விளிம்பு விரல்களுக்குள் புதைந்திருந்தது. அதன்மேல் சதை வளர்ந்து மூடியிருந்தது.

"அண்ணி." சின்னப் பெண்ணின் குரல். "கை வலிக்குது அண்ணி."

அங்கே வச்சுட்டுப் போ. அதைச் சொன்னால் போதும். சின்னவள் தலையைத் திருப்பாமலே சொல்லியிருப்பாள். தொட்டிலிலேயே படித்த வார்த்தை அவளுக்கு. பெரியவளுக்கும் தெரியும். தொண்டைவரை வந்தது.

ஆனால் எதிரே ஒருத்தி சுமையோடு நிற்கிறாள். நிற்பவளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்க அந்த உடம்புக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரிந்ததில்லை. அவளைப் பெற்றவளுக்கும் தெரிந்ததில்லை.

முதுகு நிமிர்ந்தது. கால் எழுந்தது.

இரண்டு கையையும் நீட்டினாள். வாங்கினாள்.

எதிரே இருந்த விரல்கள் கழன்றன. ஒவ்வொன்றாக. ஒரு நீண்ட பெருமூச்சு. ஏதோ ஒன்று சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தது. பிறகு அங்கே ஈரம் மட்டும் இருந்தது.

தட்டைக் கீழே வைக்கக் குனிந்தாள். முடியவில்லை.

உதறினாள். வரவில்லை.

கார் வந்தது. விளக்கு எரிந்தது. "எங்க போனா இவ?" என்று கேட்டபடி கணவன் அவளைத் தாண்டிப் போனான். தோள் உரசியது. திரும்பிப் பார்க்கவில்லை. கத்துவதற்காக வாயைத் திறந்தாள்.

மணி அடித்தது.

கால்கள் தாமாக நடந்தன. நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றன. திறந்த வாய் தானாகப் பேசியது.

"வேற ஏதாச்சும் வேணுங்களா?"

சின்னவள் போனைப் பார்த்துக்கொண்டே, "அங்கே வச்சுடுங்கக்கா," என்றாள்.

கோப்பை மட்டும் இறங்கியது. தட்டு இறங்கவில்லை. விளிம்பு விரல்களை மெதுவாக, மிக மெதுவாக, அறுக்கத் தொடங்கியது.

சாவி கிடைக்காத ஆத்திரத்தில் பெரிய மருமகள் லாரி டிரைவர் ஒருவனோடு மலையிறங்கிப் போய்விட்டதாகக் கடைத்தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். இந்தக் குடும்பத்துப் பெண் எவளும் படி தாண்டியதில்லை. பெரிய மருமகள் வீட்டில்தான் இருக்கிறாள்.