வாசலில் மூன்று தாழை

குழந்தையின் உள்ளங்காலில் மண் ஒட்டியிருந்தது.

அஸ்தினி ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வலது காலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு. துடைத்தாள். துணியில் வந்தது. மோந்து பார்த்தாள். வெயில் படாத இடத்து மண்.

பிறந்து தொண்ணூற்றாறு நாள். நூற்றைந்தாம் நாள் சடங்கு முடியும்வரை குழந்தையின் கால் நிலத்தில் படக்கூடாது. தொட்டில், மடி, தோள், மறுபடி தொட்டில். அவளும் கணவன் சுதர்சாவும் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

“ப்ளி, இவளை எங்கயாவது கீழ விட்டீங்களா?”

கணவனை அவள் ப்ளி என்றுதான் கூப்பிடுவாள். சுதர்சா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சனூர் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் தோட்ட வேலை.

“நானா? தூக்கித் தூக்கி என் ஒரு தோளே எறங்கிப் போச்சு. ஹோட்டல்ல கூட இருக்கறவன் கேக்கறான், ஏன்டா சாஞ்சு நடக்கறன்னு.”

“மண்ணு இருக்கு, பாருங்க.”

“என் கைமண்ணா இருக்கும். தோட்டக்காரன் பொண்ணு வேற எப்படி இருப்பா, மகாராணி மாதிரியா?”

அவன் குழந்தையின் காலில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போனான். அஸ்தினியும் சிரித்தாள். அவன் கையில் சோப்பு வாசனை இருந்தது. நகக்கண் வெள்ளையாக இருந்தது. அதை அவன் போன பிறகுதான் நினைத்தாள்.

பாலித் தீவின் கராங்காசெம் மலைக்கிராமத்திலிருந்து டென்பசார் நகரத்துக்கு வந்து ஆறு மாதம். ஊரில் சுதர்சாவின் அண்ணன்கள் மூன்று பேர் ஒரே வளாகத்தில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். நாலாவது அடுப்புக்கு இடமில்லை. இங்கே வீட்டுக்கார அம்மா இபு ரெஸ்மினியின் வீட்டில் பின்பக்கத்து இரண்டு அறை. ஐம்பது வயது விதவை. முன்பக்கத்தில் தனியாக இருந்தாள். பிரசவத்துக்கு அவள்தான் கார் பிடித்துக் கொடுத்தாள். நாற்பத்திரண்டு நாள் தீட்டில் அஸ்தினி முன்வாசல் பக்கம் போகவில்லை. ரெஸ்மினி சோறும் மீன்குழம்பும் கொண்டுவந்து பின்கதவில் வைத்துவிட்டுப் போனாள். இப்படி ஒரு மனுஷி கிடைத்ததை அஸ்தினி அம்மாவிடம் போனில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

அன்று காலையும் ரெஸ்மினி வந்தாள். தட்டில் பொரித்த வாழைப்பழம்.

“என் கோமாங் எந்திரிச்சாச்சா?”

முதல் பிள்ளை வாயான். அடுத்தது மாதே. மூன்றாவதுதான் கோமாங். பிறந்த வரிசையில் வைக்கும் பெயர் இது. தூக்கத்தில் கேட்டாலும் யாரும் மாற்றிச் சொல்வதில்லை. ரெஸ்மினி ஒருமாதமாக இப்படித்தான் கூப்பிடுகிறாள்.

“கோமாங் இல்ல இபு. எங்களுக்கு இவ முதல் பொண்ணுதானே.”

“உங்களுக்கு” என்றாள் ரெஸ்மினி, பழத்தை விண்டு வாயில் போட்டுக்கொண்டே.

குழந்தை அவள் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பியது.

அன்று சந்தி வேளையில் அஸ்தினி கதவைச் சாத்திக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவில் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் அடங்கி, பக்கத்து வீட்டுச் சேவலைக் கூண்டில் அடைக்கும் சத்தம் கேட்டு, முன்வாசலிலிருந்து ஊதுவத்திப் புகை சுவரோரமாகவே தவழ்ந்து வருவதுபோல வந்து, அதன் பின்னால் வெந்த சோறும் இஞ்சியும் கலந்த மணம் வந்தது. ரெஸ்மினி வாசலில் படைக்கிறாள். தண்ணீர் தெளிக்கும் சத்தம் மூன்று முறை. மடியில் குழந்தை வாயைச் சப்புக்கொட்டியது. தொண்டை ஏறி இறங்கியது. மறுபடி. மறுபடி. அஸ்தினி மார்பைக் கொடுத்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. வயிற்றைத் தொட்டாள். திண்ணென்று இருந்தது.

மத்தியானத்திலிருந்து அது பால் குடிக்கவில்லை.

ஏப்பம் விட்டது. இஞ்சி வாசனை.

மறுநாள் மத்தியானத்துக்குள் மார்பு கட்டிப்போய்க் கல்லாகக் கனத்தது. குழந்தை அழவில்லை, சிரித்துக்கொண்டு கிடந்தது. இரண்டு உள்ளங்காலிலும் மண். அஸ்தினி மாமியாருக்குப் போன் போட்டாள்.

“மெமே, இவ பால் குடிக்க மாட்டேங்கறா. நஞ்சுக்கொடி புதைச்ச எடத்துல தெனமும் சோறு வைக்கறீங்கல்ல? விட்டுப்போச்சா?”

“எந்த எடத்துல?”

“வாசலுக்கு இடது பக்கம். அவரு வந்து புதைச்சாரே.”

“யாரு, சுதர்சாவா? அவன் இங்க வரவே இல்லையேம்மா. வாடகைக்கு இருக்கறவங்க எல்லாரும் கடல்லதான் விடறாங்களாம், நாங்களும் விட்டுட்டோம்னு போன்ல சொன்னான். நீதான் அப்படிச் சொன்னியாம். எனக்கு மனசே ஆறல. முதல் பேத்தி. சரி, பெரிய ஊருக்குப் போனவங்க, நம்ம பேச்சு எங்க எடுபடும்னு வாயை மூடிக்கிட்டேன்.”

அஸ்தினி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மாமியார் ஹலோ ஹலோ என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிரசவத்தின் மறுநாள். நஞ்சுக்கொடியைக் கழுவித் தேங்காய்க்குள் வைத்து வெள்ளைத்துணி சுற்றி, அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவன் கிளம்பினான். ராத்திரி நனைந்து திரும்பினான். வழியில் மழை என்றான். பாலத்துக்கிட்ட வண்டிச் சங்கிலி கழன்றுவிட்டது என்றான். “அம்மா அழுதிருச்சு, லூ. கொடி மேல தாழைய நட்டப்ப அழுதிருச்சு” என்றான். லூ என்றுதான் அவளைக் கூப்பிடுவான். ஊர் சலாக் பழம் ஒரு பை கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத் தோலுரித்து அவளுக்கு ஊட்டினான். அவள் எட்டுப் பழம் தின்றாள்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள்.

கதவுக்கு இடது பக்கம் மூன்று தாழை. இரண்டு ஆளுயரம். ஒன்று முழங்கால் உயரம். தீட்டுக் கழிந்து முதல்முறை வந்தபோதே பார்த்துக் கேட்டிருந்தாள். பழசில் கன்று வெடித்தது என்று ரெஸ்மினி சொல்லியிருந்தாள். நம்பியிருந்தாள். இப்போது குனிந்து பார்த்தாள். மூன்றின் அடியிலும் தனித்தனியாக ஒரு கல். தனித்தனியாக வாழையிலைத் துண்டு. முதல் இரண்டு இலையில் சோறு காய்ந்து கிடந்தது. மூன்றாவது இலை துடைத்த மாதிரி இருந்தது.

ரெஸ்மினி கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள்.

“இது கன்னு இல்ல, இபு.”

“இல்ல.”

“மத்த ரெண்டும்? உங்க பிள்ளைங்களதா?”

“எனக்கு ஏது பிள்ளை? உங்களுக்கு முன்னாடி ரெண்டு குடும்பம் குடியிருந்தாங்க. நல்ல மனுஷங்க. ஊருக்குப் போயிட்டாங்க.”

“பிள்ளைங்க?”

ரெஸ்மினி அவளை இரக்கத்தோடு பார்த்தாள்.

“கொடி இருக்கற வீட்டை விட்டுப் பிள்ளைங்க எங்கம்மா போகும்?”

அஸ்தினி செருப்புப் போடவில்லை. பின்சந்து வழியாக வெளியேறினாள். வெயில் எரிந்தது. நாலு வீடு தாண்டி அரிசிக்கடை. அதையும் தாண்டித் தெருமுனை. அங்கே ஒரு வண்டி பிடித்தால் இரண்டரை மணி நேரத்தில் ஊர். அரிசிக்கடையிடம் குழந்தை கனக்கத் தொடங்கியது. தெருமுனையில் அதன் கன்னம் அவள் கழுத்தில் சில்லென்று பட்டது. விலக்கிப் பார்த்தாள். உதடு சாம்பல் நிறம். கண் திறந்திருந்தது. மூச்சு இல்லை.

திரும்பி ஓடினாள். சந்துக்குள் கால் வைத்ததும் குழந்தை மூச்சை இழுத்தது. மூழ்கி எழுந்தவர்கள் இழுப்பதுபோல.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். மூன்றடி வெளியே போனாள். உதடு மங்கியது. உள்ளே வந்தாள்.

சுதர்சா ஐந்து மணிக்கு வந்தான். பையில் ஹோட்டல் ரொட்டி. அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டான். பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

“மெமே போன்ல பேசினாங்க.”

“லூ, நான் சொல்றதை முழுசாக் கேளு.”

“மழை பெஞ்சுதா அன்னைக்கு?”

“இல்ல.”

“சலாக் பழம்?”

“இங்கயே பதுங் சந்தையில வாங்கினேன்.” அவன் தலையைச் சொறிந்தான். “அந்தம்மாவுக்கு யாருமில்ல. இந்த வாசல்ல புதைச்சா பிள்ளை இந்த வீட்டுது, வீடு பிள்ளையோடதுன்னு சொன்னாங்க. ஊர்ல எனக்கு ஒரு அடுப்பு வைக்க எடம் கொடுத்தானுங்களா? நமக்குன்னு ஒரு வாசல் வேணாமா?”

“பிள்ளை இந்த வீட்டுதுன்னா என்னன்னு கேட்டீங்களா?”

“ஒரு பேச்சுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன்.”

“தெருமுனையில அவளுக்கு மூச்சு நின்னுபோச்சு, ப்ளி.”

அவன் தொட்டிலைப் பார்த்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். எழுந்து தன் களைக்கொட்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

“அந்தம்மா இப்ப சந்தைக்குப் போயிருக்கும். நீ போய்த் தோண்டு. பெத்தவ கைதான் எடுக்கணும். ராத்திரியே ஊருக்குக் கொண்டுபோயிருவோம். சந்தி வேளை, பிள்ளைய வெளிய எடுக்காத. நான் பாத்துக்கறேன்.”

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கை வியர்த்திருந்தது. இந்த ஊரில் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

முன்வாசல் மங்கிக்கொண்டு வந்தது. மேற்கே வானம் செம்மண் கரைத்தாற்போல் கிடந்தது. ரெஸ்மினியின் கதவு திறந்தே இருந்தது, உள்ளே விளக்கு. அஸ்தினி மண்டியிட்டு இளந்தாழையின் அடியில் கொத்தினாள். முள் முழங்கையைக் கீறியது, மண் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருந்தது, இரண்டு கைகளாலும் அள்ளி அள்ளிப் போட்டபோது மார்பிலிருந்து பால் தானாகக் கசிந்து ரவிக்கையை நனைத்துக் குழிக்குள் சொட்டியது.

துணி தட்டுப்பட்டது. பிறகு தேங்காய்.

இழுத்தாள். வரவில்லை. பெரிய தாழைகள் இரண்டின் வேர்களும் அதைச் சுற்றியிருந்தன. நாலு கை பிடித்திருப்பதுபோல. களைக்கொட்டால் வெட்டினாள். ஒரு வேர். இன்னொரு வேர். தேங்காய் மடியில் விழுந்தது.

எடையே இல்லை.

பிளந்தாள். உள்ளே சுத்தமாக இருந்தது. வழித்து எடுத்த கிண்ணம்.

பின்னால் ரெஸ்மினியின் கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள்.

“ப்ளி?”

எழுந்தாள்.

“ப்ளி, கதவைத் தெறங்க.”

ஓடிப்போய்த் தட்டினாள். உள்ளே மூச்சு விடுவது கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில். அவன் மூச்சு. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அவனும் தோளைக் கொடுத்திருந்தான்.

“நூத்தஞ்சு நாள் வரைக்கும் பிள்ளை உன்கிட்ட இருக்கட்டும்னாங்க, லூ” என்றான் உள்ளிருந்து. அழுதுகொண்டிருந்தான். “நீதான் உன் கையாலயே தோண்டி அறுத்துட்ட. இப்பவே இந்த வீட்டுப் பிள்ளை ஆயிருச்சு.”

ஜன்னல். கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ரெஸ்மினி சந்தைக்குப் போகவில்லை. கூடத்தில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தாள். கை இரண்டையும் முன்னால் நீட்டியிருந்தாள். வா, வா என்று விரல் அசைந்தது.

எதிர்ச்சுவரோரம் குழந்தை நின்றுகொண்டிருந்தது.

நின்றுகொண்டிருந்தது. இரண்டு கைகளும் பக்கவாட்டில் உயர்ந்திருந்தன. தோளுக்கு மேலே. இரண்டு உள்ளங்கைகளும் எதையோ பற்றி மூடியிருந்தன. இடது பக்கம் கொஞ்சம் உயரத்தில். வலது பக்கம் கொஞ்சம் தாழ்வாக. இரண்டு பக்கமும் யாரும் இல்லை.

தரையில் ஈரக்கால்தடங்கள். மூன்று ஜோடி.

“வாயான், மெதுவா” என்றாள் ரெஸ்மினி. “மாதே, இழுக்காத. தங்கச்சி விழுந்துருவா.”

குழந்தை ஓர் அடி வைத்தது. இன்னொன்று. சிரித்தது. ரெஸ்மினியின் மடியில் போய் விழுந்தது.

அஸ்தினி கத்தினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். கம்பிக்குள் கையை விட்டாள். கையெல்லாம் மண், ரத்தம்.

குழந்தை திரும்பிப் பார்த்தது. அவளை அடையாளம் தேடுவதுபோலப் பார்த்தது. பிறகு அதன் உதடு பிதுங்கியது. வேற்றாளைக் கண்டு வெருண்ட குழந்தை. முகத்தை ரெஸ்மினியின் மார்பில் புதைத்துக்கொண்டு வீறிட்டு அழுதது.

“பயப்படாதடா செல்லம்” என்றாள் ரெஸ்மினி, முதுகைத் தட்டியபடி. “யாரோ.”