உள்ளறி வளையம்

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகை முடிந்ததும் மன்னிக்கப் போவது மர்ளியாவின் வழக்கமாகிவிட்டது. கடல்மேல் மிதக்கும் நூர்பட்டணத்தில், மன்னிப்பதற்கென்றே உரிமைக் காப்பகத்தில் ஓர் அறை இருந்தது. வாசல் காவலர் அவளைக் கண்டதும் சிரித்தார்.

“இன்னைக்காவது மோர் குடிச்சிட்டு வந்தீங்களா லாத்தா? வயிறு குளிர்ந்தா வளையம் பச்சை காட்டுமாம்.”

“குடிச்சேன் தம்பி. வயிறுதான் உப்பிக் கிடக்கு.”

சுவரோரப் பெஞ்சிலிருந்து ரமீஸா எழுந்து நின்றாள். படகுத்துறைச் சண்டையில் மர்ளியாவின் ஒரே மகனைக் குத்திக் கொன்ற ஜவ்ஹரின் தாய். நாளை அவனுக்கு மரண தண்டனை. கொலையுண்டவனின் உம்மா மன்னித்தால் அவன் பிழைப்பான். அதற்கான தவணை இன்றோடு முடிகிறது.

உள்ளே அதிகாரி ஹாமிது, மனதை அளக்கும் உள்ளறி வளையத்தை மர்ளியாவின் மணிக்கட்டில் பூட்டினார்.

“ஜவ்ஹரை மன்னிச்சேன். அல்லாவுக்காக.”

வளையம் சிவந்தது.

“யாரும் உங்களை மிரட்டலைன்னு தெளிவாத் தெரியுது,” என்றார் ஹாமிது. “ஆனா வெறுப்பு இருக்கு. மனசு ஒப்பாத மன்னிப்பு செல்லாது.”

“இருக்காதா பின்னே? அவன் மூஞ்சியை நினைச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது. அந்த வெறுப்போடதான் மன்னிக்கிறேன். அந்தக் காலத்துக் காஜி வாயால சொன்னதைத்தான் கேட்டாரு. நெஞ்சுக்குள்ள இருக்கிறதை அல்லாகிட்ட விட்டாரு.”

“அப்படி விட்டதாலதான் பணக்காரங்க ஏழைங்களை மிரட்டி மன்னிப்பு வாங்குனாங்க. மனித உரிமைன்னு ஜனங்க தெருவுல நின்னு கேட்ட சட்டம் உம்மா இது.”

“தெரியும். கொடி பிடிச்சதுல நானும் ஒருத்தி.”

மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னாள். சிவப்பு இன்னும் அடர்ந்தது.

“இப்ப என் மேலயும் கோபம் சேர்ந்திருக்கு,” என்று வருத்தத்தோடு வளையத்தைக் கழற்றினார். “உங்க உரிமைக்கு ஒரு குறையும் வரலை. அரசு அதைக் காப்பாத்திடுச்சு.”

அவள் வெளியே வந்தபோது கதவுக்கு மேலேயும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரமீஸா அதைப் பார்த்தாள்.

“சொன்னீங்களா லாத்தா?”

“சொன்னேன்.”

“அப்போ, மனசுல இல்லாமத்தான் சொன்னீங்களா?”

இல்லை, மனசாரத்தான் என்றால் பொய். ஆமாம் என்றால் அதைவிடப் பெரிய பொய். மர்ளியா கையை நீட்டினாள். ரமீஸா அதைத் தட்டிவிட்டாள்.