எரிக்காத கடிதம்

காலை ஏழு மணிக்கே கூடத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"அண்ணா, முன்னாடியே சொல்லிடறேன். மேடைக்கு உன் கூட வரேன். ஆனா அவங்க முன்வரிசையில உக்காந்தா நான் காரை விட்டே இறங்கமாட்டேன்!"

உள்ளறையில் கணவரின் கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளின் கை நின்றது. துணி கருகுவதற்குள் பெட்டியைத் தூக்கிவிட்டாள்.

மாநிலத்தின் ஆரம்பகால வீரர்களையும் பயிற்சியாளர்களையும் அரசு கௌரவிக்கும் நாள். மாநிலத்துக்கு முதல் தங்கம் வாங்கித் தந்த ஓட்டக்காரி அவளுடைய நாத்தனார். தங்கையை ஓடப் பழக்கியவர் அவள் கணவர். மைதானத்தில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். ஒரே குடும்பத்தில் இரண்டு விருது!

ஆனால் அண்ணியும் நாத்தனாரும் பேசி முப்பத்தொரு வருஷம் ஆகிவிட்டது. வெளிநாட்டுப் போட்டிக்குத் தேர்வான கடிதம் வந்தபோது, அதை அண்ணி அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள் என்பதுதான் நாத்தனாரின் தீராத கோபம்.

"ஆமா, எரிச்சேன். நீ ஊர் ஊரா ஓடிட்டிருந்தா இந்த வீட்டு வேலையை யார் பார்க்கறது?" என்று அன்று அண்ணியே சொன்னாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனாள் நாத்தனார்.

"நான் பின்னால உக்காந்துக்கறேங்க," என்று கோட்டை நீட்டினாள் அவள். "நல்ல நாளும் அதுவுமா அவ மனசு கோணக்கூடாது."

மாஸ்டர் கோட்டை வாங்கினார். அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

அரங்கம் நிரம்பி வழிந்தது. முதல்வர் கையால் நாத்தனார் பதக்கம் வாங்கியபோது, கடைசி வரிசையில் கை வலிக்க வலிக்கத் தட்டியவள் அவள்தான். அடுத்து மாஸ்டர். விருதை வாங்கியவர் மைக்கை விட்டு நகரவில்லை.

"நான் ஒரு கோழைங்க..." என்று ஆரம்பித்தார்.

"அந்த வருஷம் என் தங்கச்சி முழங்காலுக்குக் கீழ எலும்புல விரிசல். இன்னொரு தடவை ஓடினா காலே போயிடும்னு டாக்டர் என்கிட்ட சொன்னார். இவகிட்ட சொன்னா கட்டுப் போட்டுக்கிட்டாவது ஓடுவா. அதனால வெறும் வீக்கம்னு சொல்லிட்டு, இவ வரலைன்னு கமிட்டிக்கு நான்தான் எழுதினேன். கடிதம் வந்தது தெரிஞ்சு, அது எங்கேன்னு இவ கத்தினப்போ எனக்கு நாக்கு எழல. என் மனைவி குறுக்க வந்து, 'நான் எரிச்சேன்'னுட்டா..."

"அண்ணா!" நாத்தனாரின் குரல் கீச்சிட்டது.

"'உங்களை வெறுத்தா அவ மைதானத்துக்கே வரமாட்டா. என்னை வெறுத்தா ஓட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது'ன்னு உன் அண்ணி என்கிட்ட சொன்னா. கால் ஆறி, அடுத்த வருஷமே நீ தங்கம் வாங்கினே. அப்பவே சொல்லியிருக்கணும். நாளைக்கு, நாளைக்குன்னே..." அவர் சட்டைப்பையிலிருந்து பழுப்பேறிய ஒரு காகிதத்தை எடுத்தார். "இதோ, அந்தக் கடிதம். யாரும் எரிக்கல."

நாத்தனார் அதை வாங்கிப் படிக்கக்கூட இல்லை. மேடைப் படிகளைத் தாவி இறங்கினாள். அறுபதை நெருங்கும் உடம்பு நடுப்பாதையில் விழுந்தடித்து ஓடியது. வரிசை வரிசையாக ஜனங்கள் எழுந்து நின்றார்கள்.

"அண்ணீ... பாவி நான்! காலைல கூட உங்களை... ஏன் அண்ணி, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"நீ ஓடணும்டி. எனக்கு வேற என்ன வேணும்?" அவளை இறுகக் கட்டிக்கொண்டபோது, இத்தனை வருஷமும் அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்து கொட்டியது.

நாத்தனார் விடவில்லை. கையைப் பிடித்து மேடைக்கே இழுத்துப் போனாள். கைதட்டல் ஓயவே இல்லை. முதல்வரே எழுந்து நின்று வணங்கினார்.

மாஸ்டர் தலை குனிந்து நின்றார். "என்னை மன்னிப்பியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். எதிரில் மைக் இருப்பதை மறந்தே போனாள்.

"உங்க தங்கச்சி நானூறு மீட்டரை ஒரு நிமிஷத்துக்குள்ள ஓடி முடிச்சா. இந்த நாலு வார்த்தைக்கு உங்களுக்கு முப்பத்தொரு வருஷமா? நல்ல கோச்சுதான் போங்க!"

அரங்கமே அதிர்ந்து சிரித்தது. அவள் வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொள்ள, நாத்தனார் அழுதபடியே விழுந்து விழுந்து சிரித்தாள்.