காற்றை இழுக்கும் பெட்டி

கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்ததும் மந்திரமூர்த்தியின் முகம் சுருங்கியது. அங்கே இருக்கிற காற்றாடி உள்ளே சேரும் சூட்டை வெளியே தள்ள வேண்டும். இது கையை உள்ளே இழுத்தது.

எவனோ அரைகுறை திருப்பி மாட்டியிருக்கிறான். ரேடியோ ரிப்பேரில் தலை நரைத்து, இப்போது கம்ப்யூட்டரும் பார்க்கிற மனுஷர். தன் கையைத் தவிர எவன் கையையும் நம்பமாட்டார்.

"எம்மா, இந்தக் கதவு தொறந்தே கெடக்கட்டும். மிஷின் கொதிக்குததுக்கு இந்த ரூமுதான் காரணம்."

"வேண்டவே வேண்டாம்!" என்றாள் வீட்டுக்கார அம்மாள் ராஜாம்பாள். "முத்தத்துல அப்பளத்துக்கு மாவு இடிக்கறா. இதுக்குத் தூசுதான் எமன்னு வித்தவன் தலை தலையா அடிச்சுண்டான்."

"மாவு உள்ள போனா மிஷின் அப்பளமா போடப்போவுது?"

அவள் கதவை வெளியிலிருந்து தள்ளிச் சாத்திவிட்டுப் போனாள்.

தொண்ணூற்றெட்டுச் சித்திரை. கல்லிடைக்குறிச்சி வெயில் ஓட்டுக்கூரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அறைக்கு ஒரே ஜன்னல்; அதன் கம்பிகளையும் பழுப்புக் காகிதம் மூடியிருக்க, இடுக்கெல்லாம் அப்பியிருந்த உளுந்துப் பசையின் புளித்த வாடையும், சூடேறிய தகரத்தின் நெடியும், முற்றத்தில் விழும் உலக்கையின் அதிர்வும் ஒன்றாகக் குழைந்து அவர் பிடரியை அழுத்தின.

காற்றாடியைக் கழற்றித் திருப்பி மாட்டினார். சுவிட்சைப் போட்டார். மெமரி கிடைக்காமல் பெட்டி நீளமாகக் கத்தியது. சுவிட்சை அணைத்து மெமரித் துண்டைப் பிடுங்கி, அதன் பொன்னிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்துச் செருகினார். மறுபடி போட்டதும் கத்தல் இல்லை. முதுகில் கையை வைத்தார்.

இழுத்தது. முன்னைவிடப் பலமாக.

"சனியனே!"

பிளக்கைப் பிடுங்கினார். காற்றாடி நிற்கவில்லை. வேகம் கூடியது.

உலக்கையின் ஓசை ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வருவதுபோல் தேய்ந்துபோனது. காது அடைத்தது. இழுத்த மூச்சு தொண்டையோடு நின்றது. கதவுக்குப் பாய்ந்தார். வெளிப்பக்கம் தள்ளித் திறக்கும் கதவு. அவள் போகும்போது தாழ் போட்ட சத்தமும் கேட்டிருக்கவில்லை. தோளால் இடித்தார். ஏதோ அதை உள்ளே இழுத்துப் பிடித்திருந்தது.

"எம்மா! கதவத் தொறங்க!"

குரல் கதவுக்குப் போகவில்லை. வாயை விட்டதும் வளைந்து, பெட்டிக்குள் போனது.

"மந்திரமூர்த்தி, ஆச்சா? சூடு அடங்கித்தா?" வெளியே ராஜாம்பாள். கொஞ்சம் பொறுத்தாள். "சரி, நிதானமாப் பாருங்கோ."

காலடி நகர்ந்தது.

ஜன்னல். காகிதத்தைக் கிழித்தால் போதும். தவழ்ந்துபோனார். நிமிர்ந்தார்.

காகிதம் உள்பக்கமாகப் புடைத்திருந்தது. புடைப்பில் ஒரு நெற்றி. மூக்கு. தாடை. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு தலை நுழையாது. ஆனாலும் முகம். வாய் இருக்கிற பள்ளத்தில் மட்டும் காகிதம் உள்ளே போனது. வெளியே வந்தது.

நெஞ்சு எரிந்தது. கிழித்தால்தான் காற்று.

கையை வைத்தார்.

மறுபக்கத்திலிருந்து ஐந்து விரல்கள், பைய, அவர் விரல்களோடு பொருந்தின. கொதித்தன.