சுத்தமான படங்கள்

அவளுக்கு வந்த படங்களில் நோயே இல்லை.

முதலில் அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதும் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. நண்பகலிலும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் வேலை. திரைகளின் சாம்பல் வெளிச்சமும், ஏசியின் ஓயாத மூச்சும், சூடேறிய கம்ப்யூட்டர்களின் லேசான கருகல் வாடையும் சேர்ந்து, உள்ளே இருப்பவருக்குப் பொழுது போவதே தெரியாமல் செய்துவிடும். அந்த இருட்டில் ஒன்றன்பின் ஒன்றாக மண்டைகள் வந்தன. கசிவு இல்லை, கட்டி இல்லை, வீக்கம் இல்லை. நேற்றும் அப்படித்தான். போன வாரமும்.

முன்பெல்லாம் படங்கள் பொதுவில் குவிந்து கிடக்கும். மருத்துவர்கள் ஆளாளுக்கு முழங்கால், மணிக்கட்டு என்று சுலபமானதைப் பொறுக்கிக்கொண்டு போக, தலைக்குள் ரத்தம் கசியும் ஒருவனின் படம் சீண்டுவாரில்லாமல் அடியில் கிடக்கும். அப்படி ஒருவன் காத்துக் கிடந்தே செத்துப்போனான். அவன் படத்தைக் கடைசியில் திறந்தவள் அவள்தான். அதன்பிறகு புது ஏற்பாடு வேண்டும் என்று நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்றவளும் அவள்தான். இப்போது கம்ப்யூட்டரே எல்லாப் படங்களையும் முதலில் பார்த்து, அவசரமானதை மேலே ஏற்றி, எது யாருக்குக் கைவந்ததோ அவரிடம் அனுப்பிவிடுகிறது. சிக்கலான மண்டைகள் அவளிடம்தான் வந்திருக்க வேண்டும்.

எல்லாம் நெட்டைக்குப் போயின. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து கூட வேலை பார்க்கும் தோழி அவளுக்கு நெட்டை. தோழிக்கு அவள் குட்டை.

"எனக்கு மட்டும் ஏன்டி நல்ல மண்டையாவே வருது?" என்று காலையில் வராந்தாவில் கேட்டிருந்தாள்.

"கொடுத்து வச்சவ. சும்மா உக்காந்து சம்பளம் வாங்கு." நெட்டை சிரித்தாள். தரையைப் பார்த்துச் சிரித்தாள்.

அடுத்த படத்தைத் திறந்ததும் அவள் கை நின்றது. மண்டையோட்டின் வலது ஓரத்தில், ஏதோ பழைய விபத்துக்கு வைத்த உலோகத் தகடு நட்சத்திரம்போல் தெறித்து ஒளிர்ந்தது. இந்தத் தகட்டை அவளுக்குத் தெரியும். காத்துக் கிடந்தே செத்தவன். இவன் படம் இன்றைக்கு ஏன் வருகிறது?

கசிவைத் தேடினாள். பக்கம் பக்கமாக நகர்த்தினாள். மறுபடி முதலிலிருந்து.

இல்லை.

செத்தவனுக்குக் குணமாகியிருந்தது.

யாரோ அழித்திருக்கிறார்கள் என்று பட்டது. தாமதத்தை மறைக்க நிர்வாகம் செய்த வேலை. போனை எடுத்து, ஸ்கேன் எடுப்பவரைக் கூப்பிட்டாள்.

"என்ன டாக்டரம்மா, ஒரு கையில மட்டும் கோட்டு மாட்டியிருக்கீங்க? புது ஸ்டைலா?"

"அண்ணே, இதுல இருந்த ரத்தத்த யாரு அழிச்சா?"

அவர் குனிந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. "விளையாடுறீங்களா? அதான் இவ்ளோ பெருசா கிடக்கே."

"எங்க?"

"இங்க. தொட்டுக்கிட்டுத்தானே நிக்கிறேன்."

அவருடைய தோள் தெரிந்தது. முழங்கை தெரிந்தது. அதற்கப்பால் கை எங்கோ போயிற்று. எங்கே என்று பார்க்க அங்கே இடமே இல்லை.

அவர் பின்வாங்கினார். "அவங்க இன்னும் உங்ககிட்ட சொல்லலையா?"

செருப்புச் சத்தம் வராந்தாவில் ஓடி மறைந்தது.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி அவள் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறாள். மூளையின் வலப்பக்கம் கெட்டால் உலகத்தின் இடப்பக்கம் போய்விடும். பாதித் தட்டைச் சாப்பிட்டுவிட்டு, மீதி எங்கே என்று கேட்பார்கள். போனது அவர்களுக்குத் தெரியாது. சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

சில மாதங்களுக்கு முன் தலைவலி என்று அவளும் அந்த இயந்திரத்துக்குள் படுத்திருந்தாள். படித்துச் சொன்னவள் நெட்டை. 'மண்டைக்குள்ள ஒண்ணுமே இல்லடி. இதைத்தான் நான் காலேஜ்லேருந்து சொல்றேன்.' இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அறிக்கையைக்கூட அவள் கேட்டு வாங்கவில்லை.

தன் படத்தைத் திறந்தாள்.

சுத்தம்.

ஸ்கேன் படத்தில் மூளையின் வலப்பக்கம் திரையின் இடப்பக்கம்தான் விழும். படத்தை இடம் வலமாகப் புரட்டும் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தினாள்.

வெள்ளையாக. கோலிக்குண்டு அளவில். ஓரமெல்லாம் வேர்விட்டு.

மறுபடி அழுத்தினாள். இல்லை.

அழுத்தினாள். இருந்தது.

"போதும்டி, குட்டை."

குரல் காதோரம் கேட்டது. மூச்சு கழுத்தில் பட்டது.

"எப்ப வந்த?"

"மத்தியானத்துலேருந்து உன் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்."

 

"உனக்குத் தெரியும்," என்றாள் அவள்.

"படம் எடுத்த அன்னிக்கே தெரியும். நிர்வாகத்துலதான், யாரு எதைத் தவறவிடுறாங்கன்னு கம்ப்யூட்டர் தானா கண்டுபிடிக்குதான்னு பாக்கணும்னாங்க. உன்கிட்ட சொல்லிட்டா சோதனை கெட்டுடுமாம். கொஞ்ச நாள்தானே, பொறுங்கன்னாங்க." குரல் உடைந்தது. "கண்டுபிடிச்சிடுச்சுடி. நோயாளிங்க படத்தையெல்லாம் உன்கிட்டேருந்து எடுத்துடுச்சு. திரையில இடப்பக்கம் நோய் தெரியிற பழைய படமா அனுப்பி, நீ என்ன எழுதுறன்னு பாத்துக்கிட்டே இருக்கு. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அன்னிக்கே எடுத்திருக்கலாமா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சொல்லுடி. அன்னிக்கே வெட்டி எடுத்திருக்கலாமா?"

"அப்ப இவ்ளோ சின்னதாத்தானே இருந்துச்சு..."

"இப்ப?"



அவள் தலையைத் திருப்பினாள். இடப்பக்கம். கழுத்து வலித்தது. இன்னும் திருப்பினாள். சுவர் என்று நினைத்த இடத்தில் அறை முடியவில்லை. வளர்ந்துகொண்டே போயிற்று. இன்னொரு திரை. இன்னொரு நாற்காலி. அழுது வீங்கிய முகம். நெட்டையின் மடியில், விரல்களோடு விரல் கோத்து ஒரு கை கிடந்தது. வெளுத்த, சிறிய கை. இந்த அறையில் மூன்றாவதாக யாரோ இருக்கிறார்கள்.

யாருடையது?

மணிக்கட்டு. முழங்கை. மேலே மேலே பார்வையை ஏற்றினாள். அந்தக் கை அவள் தோளில் வந்து முடிந்தது.

"விடு," என்றாள் அவள்.

"நான் பிடிக்கலடி," என்றாள் நெட்டை. நெட்டையின் விரல்கள் நீலம் பாரித்திருந்தன. "நீதான் பிடிச்சிருக்க. மத்தியானத்துலேருந்து."

அந்தக் கை இன்னும் இறுக்கியது.