டிஸ்க்கில் பதிந்த தடம்

மலைப்பாதை வளைவில் புருஷன் செத்துக் கிடந்ததைக் காட்டியபோதும் மெக்கானிக் அக்காவுக்கு அழுகை வரவில்லை. மரத்துப் போயிருந்தாள். எல்லாம் முடிந்த கையோடு பட்டறையைத் திறந்துவிட்டாள். ஊர் வாயை மூட முடியுமா? கல்நெஞ்சுக்காரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இடித்தது, விற்பதற்காக அவள் பட்டறையிலேயே நின்றிருந்த பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இடித்தவன் அதை மறுபடி பட்டறையிலேயே கொண்டுவந்து விட்டிருந்தான். அதன் சாவி தொங்கும் இடம் வெளியாட்களில் யாருக்கும் தெரியாது. பட்டறையில் வேலை பார்க்கும் பெயிண்டருக்குத் தெரியும், கொழுந்தனுக்குத் தெரியும். இடித்த அன்று மதியம் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்ததைப் பெயிண்டர் மறைக்காமல் சொன்னான். அன்று சாயங்காலமே போலீஸ் அவனை அள்ளிக்கொண்டு போனது. கொழுந்தனோ வண்டியைத் தொட்டதே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

"ரோட்டுல டயர் தேய்ஞ்ச தடமே இல்லம்மா. பிரேக்கே போடாம ஏத்தியிருக்கான். கொலை கேஸ்தான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெயிண்டரின் மனைவி நிறைமாத வயிற்றோடு தினமும் பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அக்காவால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை. சோதனை முடிந்த காரைப் போலீஸ் லாரியில் ஏற்றிவந்து இறக்கியது. லாரி கிளம்புவதற்குள் கொழுந்தன் ஒரு கனமான பெட்டியோடு வந்து நின்றான்.

"முன் சக்கரத்துக்குப் புது பிரேக் டிஸ்க் அண்ணி. பிரேக் நடுங்குற வண்டிய எவன் வாங்குவான்? நானே மாத்திடறேன்."

"வச்சிட்டுப் போ தம்பி. அப்புறம் பாக்கலாம்."

நல்ல பிள்ளை என்று நினைத்தாள். அதற்குமேல் நினைக்கத் தெம்பில்லை.

அவன் போனதும் வண்டியை எடுத்தாள். வேகம் பிடித்து பிரேக்கை மிதித்தாள். பெடல் காலடியில் படபடவென்று அடித்தது, ஸ்டியரிங் உதறியது. அன்றைக்கு மதியம் ஓட்டிவிட்டு வந்த பெயிண்டர், "பிரேக் சும்மா வெண்ணெய்க்கா" என்று சொன்னது காதில் வந்து நின்றது.

சக்கரத்தைக் கழற்றினாள். நட்டுகளெல்லாம் சரியான இறுக்கத்தில்தான் இருந்தன. சக்கரத்தோடு சுழலும் அந்த இரும்புத் தட்டை, டிஸ்க்கை, அளவுமானி வைத்துச் சுற்றிப் பார்த்தாள், கோணல் இல்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. பளபளப்புக்கு நடுவே கருநீலமாக ஒரு கறை, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடின் அதே அளவு, அதே வளைவு. அடுத்த சக்கரத்திலும் அப்படியே. இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டாள். கொழுந்தனையும் வரச்சொன்னாள்.

"எங்க யார்டுல நின்னு துரு ஏறியிருக்கும்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

"துருன்னா நாலு தடவ மிதிச்சா போயிடும் சார். இது பிரேக் பேடு வெந்து ஒட்டினது. நல்ல வேகத்துல வந்து, ஒரேடியா மிதிச்சு நிறுத்தி, டிஸ்க் கொதிக்கறப்ப காலை எடுக்காம அப்படியே நின்னாத்தான் இப்படிப் பதியும். இந்த வண்டியில ஏ.பி.எஸ். இருக்கு, எவ்வளவு மிதிச்சாலும் சக்கரம் பூட்டிக்கிட்டு இழுபடாது, அதான் ரோட்டுல தடமில்ல. ஓட்டினவன் நிறுத்தியிருக்கான். நின்னு பாத்திருக்கான்."

"அது பெயிண்டரா இருக்கக்கூடாதா?"

"இருக்கலாம். ஆனா இந்த நடுக்கம் அங்க நின்னப்பறம் வந்தது. அப்புறம் வண்டிய இங்க ஓட்டிட்டு வந்தவனுக்கு மட்டுந்தான் தெரியும். நீங்களும் லாரியிலதான் கொண்டுவந்தீங்க. காலையில வண்டி தரையில இறங்குனதும் தம்பி டிஸ்க்கோட வந்துட்டான். அப்ப நான்கூட அதை மிதிச்சுப் பாக்கல."

கொழுந்தன் பெட்டியைப் பார்த்தான். "பெயிண்டர் சொன்னான் அண்ணி."

"அன்னிக்கு சாயங்காலத்துலேர்ந்து அவன் எங்ககிட்ட இருக்கான். எப்பப்பா சொன்னான்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"எவ்வளவு நேரம் மிதிச்சிட்டிருந்த?" என்று கேட்டாள்.

"தெரியல அண்ணி. கால் எடுக்க வரல." குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "வளைவுல திடீர்னு அண்ணன். இறங்கணும்னுதான் இருந்தேன். அண்ணன் கை அசைஞ்சிட்டே இருந்தது. அது நின்னப்பறந்தான் காலை எடுத்தேன்."

அவனை அடித்திருக்கலாம். அவளுக்குக் கை எழவில்லை, கோபம்கூட வரவில்லை.

"பெயிண்டரை விட்டுடுங்க சார்" என்றாள்.

வாசலுக்குப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எந்திரி. உன் வீட்டுக்காரர் வர்றாரு. போய் உலை வை."

அந்தப் பெண் அவள் தோளில் விழுந்து வாய்விட்டு அழுதாள். முதுகைத் தட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கும் அப்போதுதான், அத்தனை நாள் வராத அழுகை வந்தது.